தோழன் தந்த மாத்திரை

அன்புள்ள கதிர்,

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசியபோது பத்து நிமிடத்துக்குள் நான்கு முறை தண்ணீர் குடித்தாய். பேச்சு நின்றபோதெல்லாம் தாடையை இறுக்கிக்கொண்டாய். அறைத் தோழன் கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு இரண்டு இரவு விழித்துப் படித்ததைப் பிறகு நீயே சொன்னாய். மறைக்காமல் சொன்னாயே, அதுவே எனக்குப் பெரிய ஆறுதல். முப்பது வருடம் மருந்துக்கடையில் நின்றவன், எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீ சொன்ன பெயர், மூளையை முடுக்கிவிடும் ஆம்பெட்டமைன் என்ற மருந்தின் மாத்திரையுடையது. 1887இல் பெர்லினில் முதன்முதலில் தயாரிக்கப்பட்ட பொருள். நம் நரம்புச் செல்கள், ஊக்கம் தரும் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளை, குதிரில் நெல்லைப் போல, சின்னஞ்சிறு பைகளில் சேர்த்துவைக்கின்றன. வேண்டும்போது கொஞ்சம் வெளியே விட்டு, மிச்சத்தை ஒரு வாசல் வழியாகத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கின்றன. கோகெய்ன் அந்த வாசலை அடைத்துவிடும். ஆம்பெட்டமைனோ அதே வாசல் வழியாக உள்ளே புகுந்து, பைகளில் இருப்பதைக் கசியவிட்டு, வாசலையும் வெளிப்பக்கம் தள்ளும்படி திருப்பிவிடும். அந்த இரண்டு இரவுத் தெம்பும் உன் குதிரிலிருந்து எடுத்ததுதான், கதிர். மூன்றாம் நாள் எழமுடியாமல், காரணமில்லாமல் அழுகை வந்தது என்றாயே, தூக்கமின்மையோடு இதுவும் சேர்ந்துகொண்டது.

நாள்பட அதிகமாக எடுத்தால், டோபமைனை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளை மூளை குறைத்துக்கொள்ளும். அப்புறம் சாப்பாடு, பாட்டு, சிநேகிதம் எதுவுமே ருசிக்காது. எனக்கு மிகவும் பயம் இதில்தான். உடம்பை உசுப்பிவிடும் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளும் கூடவே ஏறும். இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் கூடும். உன் தாத்தா ஐம்பத்திரண்டு வயதில் மாரடைப்பில் போனவர்.

உன் அத்தை மகன் கவனக்குறைவுக் கோளாறுக்கு மெத்தில்பெனிடேட் சாப்பிடுகிறான். அதுவும் அந்த வாசலை அடைக்கும் மருந்துதான். ஆனால் மருத்துவர் இதயத்தைப் பரிசோதித்து, குறைந்த அளவில் தொடங்கி, மாதாமாதம் பார்த்துக் கொடுக்கிறார். அவனுக்கு அது தேவை. அதில் வெட்கப்பட எதுவுமில்லை. உனக்கும் கவனம் நிற்கவில்லை என்றால் அங்கேயே மருத்துவரைப் பார். செலவைப் பற்றி யோசிக்காதே.

மிச்ச மாத்திரைகளை வைத்துக்கொள்ளாதே. நெஞ்சு வலித்தாலோ படபடப்பு அடங்காவிட்டாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போ. என்ன சாப்பிட்டாய் என்பதை ஒளிக்காமல் சொல்.

அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. இன்றிரவு நன்றாகத் தூங்கு. எழுந்ததும் கூப்பிடு, இங்கே மணி எத்தனையானாலும் போனை எடுப்பேன்.

அன்புடன்,
அப்பா