பழைய கணினி ஆர்வலர் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு பதினொரு மாதக் கூட்டங்கள் நடந்தன. நவம்பர் கூட்டம் மழையால் நடக்கவில்லை. ஜனவரியில் ஒரு பள்ளிக் கண்காட்சியில் கலந்துகொண்டோம். ஆகஸ்டில் நடந்த பழுதுபார்க்கும் நாளில் நான்கு இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் வீட்டுக் கணினிகளுக்கு கெப்பாசிட்டரும் இரண்டுக்கு கீபோர்டு மெம்பிரேனும் மாற்றினோம். ஒன்று மட்டும் தேறவில்லை. அதன் கீழ் 16 கே நினைவகம் 4116 சிப்கள். அவற்றுக்கு 5, மைனஸ் 5, 12 என மூன்று வோல்டேஜும் வந்தாக வேண்டும். மைனஸ் 5 நின்றுபோன பிறகும் யாரோ மெஷினை ஓடவிட்டிருக்கிறார்கள். ஆன் செய்ததும் திரையில் வெறும் கோடுகளாக வந்தால் உடனே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். காத்திருந்து பார்க்காதீர்கள்.

அடுத்து, தமிழ் எழுத்து ரொட்டீன், அதாவது ஸ்பெக்ட்ரம் திரையில் தமிழைக் காட்டும் சிறு நிரல். போன பொதுக்குழுவில் இரண்டு மாதத்தில் முடித்துவிடலாம் என்று சொன்னது நான்தான். பத்து மாதம் ஆயிற்று. ஏன் என்று விளக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

1982-இல் வந்த மெஷின் ஸ்பெக்ட்ரம். டெசிபெல்ஸ் நிறுவனம் டிபி ஸ்பெக்ட்ரம் என்ற பெயரில் இதை நம் நாட்டிலும் விற்றது. நம்மில் பலர் பதினைந்து வயதில் இதில் கணக்குப் போட்டோம், விளையாடினோம், எல்லாம் ஆங்கிலத்தில். இதன் திரையில் தமிழை ஒழுங்காக ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஸ்பெக்ட்ரமில் நாமே வரைந்துகொள்ளும் எழுத்துக்கு 21 இடம்தான் உண்டு. நினைவகத்தின் 23606-ஆம் முகவரியில் உள்ள எண்ணை மாற்றி எழுத்துத் தொகுப்பையே நம்முடையதாக ஆக்கினாலும் 96தான். அதுவும் ஒவ்வொன்றும் எட்டுக்கு எட்டுப் புள்ளி. ணகரத்தில் மூன்று சுழி. சுழி என்றால் நடுவில் ஒரு வெற்றுப் புள்ளியாவது வேண்டும், ஆகவே ஒரு சுழிக்கு மூன்று புள்ளி அகலம். பக்கத்துச் சுழிகள் சுவரைப் பங்கிட்டுக்கொண்டாலும் ஏழு போய்விடும், கடைசிக் கால் நிற்க இடமில்லை. அதற்கு மேல் ணூ என்று எழுத வேண்டுமே! அதனால் பதினாறுக்குப் பதினாறு என்று முடிவு செய்தோம்.

தமிழ் எழுத்து 247 என்றாலும் அத்தனையையும் வரைய வேண்டியதில்லை. கா, கெ, கே, கை, கொ, கோ, கௌ எல்லாம் ஒட்டிச் சேர்ப்பவை. ஒரு மெய்க்கு க், க, கி, கீ, கு, கூ என ஆறு வடிவம் போதும். பதினெட்டு மெய்க்கு 108. உயிரும் ஆய்தமுமாக 12 (ஔ வேண்டாம், ஒ-வும் ள-வும் இருக்கின்றன). துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக்கொம்பு என 4. ஆக 124 வடிவங்கள், பைட்டுக்கு எட்டுப் புள்ளி என்பதால் ஒன்றுக்கு 32 பைட், மொத்தம் 3968 பைட். நாலு கே-க்குள் (4096 பைட்) தமிழ் அடங்கிவிட்டது.

மே மாதக் கூட்டத்தில் ஆறு உறுப்பினர்கள் ஆளுக்கு மூன்று மெய் வரைந்து தருவதாகக் கட்டம் போட்ட தாள் வாங்கிப் போனார்கள். ஒருவருக்குப் பதினெட்டு எழுத்துதான். செப்டம்பர் வரை நினைவூட்டியும் இரண்டு பேர் மட்டுமே திருப்பித் தந்தார்கள். மீதி 72 எழுத்துகளையும் நானும் பொருளாளரும் உட்கார்ந்து வரைந்தோம். பெயர் சொல்லப் போவதில்லை. வேலை, வீடு எல்லோருக்கும் இருக்கிறது. முடியாது என்று முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஜூனிலேயே வரைந்து முடித்திருப்போம் என்பதுதான் வருத்தம்.

வரைந்த பிறகும் ஒரு சிக்கல். கொம்பும் காலும் இடிக்காமல் இருக்க வரிக்குப் பதினெட்டுப் புள்ளி உயரம் வைத்தேன். முதல் மூன்று வரி அருமையாக வந்தது. நான்காம் வரியில் 'பூ' என்று அடித்தால் மேல்பாதி இடத்தில் இருக்கிறது, அடியில் இருக்க வேண்டிய சுழிப்பு திரையின் உச்சியில் முதல் வரியின் தலைமேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. மூன்று வாரம் எழுத்துப் படத்திலேயே தவறு தேடினேன். ஸ்பெக்ட்ரமின் திரை நினைவகம் 64 புள்ளி வரிகள் கொண்ட மூன்று பகுதிகளாக அடுக்கப்பட்டிருக்கிறது. நான்காம் வரி 54-இல் தொடங்கி 69-இல் முடிகிறது, அதாவது எல்லை அதன் நடுவே போகிறது. எல்லை தாண்டும்போது முகவரியின் கீழ் பைட்டைக் கூட்டியதில் கேரி (அந்த பைட்டில் அடங்காத மிகுதி) வந்திருந்தால் முகவரியின் மேல் பைட்டிலிருந்து எட்டைக் கழிக்கக் கூடாது. நான் எப்போதும் கழித்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு கட்டளை சேர்த்ததும் சரியாகிவிட்டது.

அப்புறம், 'க' அடித்துவிட்டு 'ஒ' அடித்தால் வரைந்த ககரத்தை அழித்து, கொம்பு போட்டு, ககரம் போட்டு, கால் போட வேண்டும். இதுவும் இப்போது சரியாக நடக்கிறது. ஸ்பெக்ட்ரமைப் போலவே இயங்கும் ஃப்யூஸ் என்ற எமுலேட்டர் மென்பொருளில் மட்டுமல்ல, கேசட்டிலிருந்து ஏற்றி உண்மையான மெஷினிலும் சோதித்தாயிற்று. பள்ளிக் கண்காட்சியில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் பெயரைப் பத்து வரியிலும் அடித்து நிரப்பிவிட்டு, ஆஃப் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தன் ஆசிரியரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

கணக்கு விவரம் பொருளாளரிடம் இருக்கிறது, பார்க்க விரும்புபவர்கள் பார்க்கலாம். சந்தாவும் சிறு நன்கொடைகளும் வரவு. கூடத்தின் வாடகை, உதிரிபாகம், டீ ஆகியவை செலவு. கையிருப்பு போன ஆண்டைவிடக் குறைவு. உறுப்பினர் 23 பேரில் இந்த ஆண்டுச் சந்தா கட்டியவர்கள் 9 பேர். ஆண்டுக்கு 600 ரூபாய், மாதம் ஐம்பது. கட்டாதவர்களிலும் நான்கு பேர் ஆகஸ்டில் மெஷினைச் சரிசெய்து வாங்கிப் போனார்கள். கெப்பாசிட்டர் சங்கக் காசில் வாங்கியது.

கூட்டங்களுக்கு இடம் தந்தவர்களுக்கும், ஆசிலோஸ்கோப்பை இரவல் தந்த உறுப்பினருக்கும், பள்ளி ஆசிரியர்களுக்கும், தலைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு மூன்று வேலைகள் பாக்கி. ஜ, ஷ, ஸ, ஹ வரைய வேண்டும். இந்த எழுத்தை வைத்துப் பல்லாங்குழி விளையாட்டு ஒன்று எழுத வேண்டும். மூன்றாவது பிபிசி மைக்ரோ என்ற இன்னொரு பழைய கணினிக்கானது. 1984-இல் தொடங்கிய பள்ளிக் கணினித் திட்டத்தில் அந்த மெஷினைத்தான் நம் உறுப்பினர்கள் சிலர் முதலில் தொட்டார்கள். அதிலும் தமிழ் வேண்டும் என்று அவர்கள் கேட்பது நியாயம். ஆனால் அதன் பிராசஸர் 6502, எனக்குத் தெரிந்தது ஸ்பெக்ட்ரமில் இருக்கும் இசட்80 மட்டும். கேட்டவர்களில் ஒருவர் முன்வந்தால் எழுத்துப் படங்களை அப்படியே தருகிறேன்.

செயலாளர் பொறுப்பில் எனக்கு இது ஐந்தாம் ஆண்டு. வேறு யாராவது ஏற்றுக்கொண்டால் மகிழ்ச்சியாக ஒப்படைப்பேன். யாரும் இல்லையென்றால் தொடர்கிறேன், ஆனால் மாதம் ஒரு சனிக்கிழமை என்னோடு உட்கார இரண்டு பேராவது வேண்டும். ரொட்டீன் முழுவதும் விளக்கக் குறிப்போடு ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இன்று கொண்டுவந்திருக்கிறேன். பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசல் பக்கம் இருக்கிறார், நோட்டும் அதே மேசையில் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்