ஆண்டறிக்கை: மாணவர் செயற்றிட்ட வழிகாட்டல் வகுப்புகள்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பெற்றோரே, ஆசிரியர்களே, வணக்கம்.

வாணி விழாவும் நூலக அலுமாரித் திருத்தமும் வழமைபோல் நடந்தேறின. கணக்கறிக்கையைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். இவ்வருட உழைப்பின் பெரும்பகுதி, தரம் 8 முதல் 11 வரையான பிள்ளைகளுக்கான சனிக்கிழமை வகுப்புகளுக்கே சென்றது.

‘தேயிலை’ என்று தலைப்பெழுதிவிட்டுத் தொலைபேசியில் தேடும் பிள்ளை, கண்ணில் பட்டதையெல்லாம் கொப்பியில் இறக்கிவிடுகிறது. ஆகவே முதல் வகுப்பில் தேடலுக்கே இடமில்லை. தலைப்பை ஒரு கேள்வியாக்க வேண்டும்: ‘கவ்வாத்து வெட்டிய (தேயிலைச் செடிகளைக் கத்தரித்த) மலையில் எத்தனை மாதம் கழித்து மீண்டும் கொழுந்தெடுக்கிறார்கள்?’ இதைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிடமும் கொழுந்தெடுக்கும் தாய்மாரிடமும் கேட்டறியலாம்.

குறிப்பெடுக்க ஏ4 தாளை நான்காக வெட்டி, ஒரு துண்டில் ஒரு தகவல் மட்டும். ஆசிரியர், நூற்பெயர், ஆண்டு, பக்கம் ஆகியவற்றை மேலே முதலில் எழுத வேண்டும். இணையமென்றால் முகவரியும் பார்த்த திகதியும். பிறகு பார்ப்போமென்று விட்டால், நூலைத் திருப்பிக் கொடுத்தபின் பக்கம் அகப்படாது. பந்தியை வாசித்து, நூலை மூடிவிட்டு எழுத வேண்டும். திறந்து வைத்தபடி எழுதினால் இரண்டு சொல் மாறிய நகல்தான் வரும்.

இலங்கைக்குத் தேயிலை வந்த ஆண்டு 1824 என ஒரு துண்டிலும் 1867 என இன்னொன்றிலும் இருந்தால், பிள்ளைகள் ஒன்றைக் கிழித்தெறியப் பார்ப்பார்கள். இரண்டும் சரியே. 1824இல் பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குச் செடி வந்தது. 1867இல் லூல்கந்தரத் தோட்டத்தில் அதன் துரையான ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் வர்த்தகப் பயிராக நட்டார். முரண் தெரிந்தால், ஒவ்வொரு நூலும் எதன் தொடக்கத்தைச் சொல்கிறது என்று பார்க்கப் பழக்குகிறோம். வகுப்பில் மிகவும் பயன் தந்த பயிற்சி இதுதான்.

பெரியவர்களிடம் ‘முந்தி மழை கூடத்தானே?’ என்று கேட்டால் ‘ஆமாம்’ என்றுதான் சொல்வார்கள். ‘எந்த மாதம் மழை தொடங்கும்?’ என்று கேட்க வேண்டும். மழையை அளப்பதற்கு, அடியும் வாயும் ஒரே அகலமான தகரப் பேணியைக் கூரைத் தண்ணீர் தெறிக்காத வெளியில் வைத்து, தினமும் காலை ஒரே நேரத்தில் மில்லிமீற்றரில் அளந்து கொட்ட வேண்டும். போத்தலைப்போல் கழுத்து ஒடுங்கியிருந்தால் அளவு பிழைக்கும்.

டவுன் கடைகளில் ஆயத்தமாக அச்சிட்டு விற்கும் செயற்றிட்டங்களுக்குப் பெற்றோர் தயவுசெய்து காசு கொடுக்க வேண்டாம். புள்ளி கிடைக்கலாம், பிள்ளைக்குத் தேடத் தெரியாது.

மழைப் பதிவை அடுத்த வருடம் தரம் 8 பிள்ளைகள் தொடர வேண்டும். விடுமுறை நாட்களில் அளப்பது யார் என்பதை இப்பொதுக்கூட்டமே தீர்மானித்துத் தரவேண்டும்.

செயலாளர்