தரைத்தளத்தில் ஓர் அறை: பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கும் தலைமையாசிரியை அவர்களுக்கும்,

வணக்கம். காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு நடந்த பெற்றோர் கூட்டத்துக்கு நான் ஏன் வரவில்லை என்று என் மகளின் டைரியில் சிவப்பு மையில் கேட்டிருக்கிறீர்கள். பதில் உங்களுக்குத் தெரியும். ஜூன் மாதம் நேரில் சொன்னேன். ஜூலைக் கூட்டம் முடிந்ததும் மனுவாகவும் எழுதிக் கொடுத்தேன். என்றாலும் கேட்டுவிட்டீர்கள், எழுதுகிறேன்.

ஆறாம் வகுப்பு வரை தரைத்தளம். ஒரு கூட்டத்தையும் நான் தவறவிட்டதில்லை. ஏழாம் வகுப்பு இரண்டாம் மாடியில். 44 படிகள். இரண்டு வயதில் வந்த போலியோவால் என் வலது காலில் காலிப்பர் என்ற தாங்குசட்டம், கையில் ஊன்றுகோல். சமதளத்தில் நான் யாருக்கும் பாரமில்லை. தையல் கடை நடத்துகிறேன். லாரி ஓட்டும் என் கணவர் மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பார். அந்த நாட்களில் வீடு, கடை, பிள்ளை எல்லாம் நான்தான். உங்கள் பள்ளிச் சீருடைகள் எத்தனையோ என் மிஷினில் தைத்தவை.

ஜூலைக் கூட்டத்தன்று காவலாளி அண்ணனும் இன்னோர் ஊழியரும் என்னைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். நல்ல மனிதர்கள், அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. முதல் திருப்பத்தில் நாற்காலி சுவரில் இடித்துச் சாய்ந்தது. ஒரு கையால் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டேன், மற்றதில் ஊன்றுகோல். புடவை முழங்காலுக்கு மேல் ஏறி, காலிப்பரின் தோல்பட்டைகள் அத்தனை பேர் பார்வைக்கும் வந்துவிட்டன. இழுத்துவிட எனக்கு மூன்றாவது கை இல்லை. பின்னால் வந்த என் மகள்தான் ஓடிவந்து இழுத்துவிட்டாள். அவள் தோழிகள் படியோரம் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். மேலே வகுப்பாசிரியை பேசியது நான்கு நிமிடம். கணக்கில் 71, கையெழுத்தில் கவனம் தேவை. இறங்குவதற்கும் அதே நாற்காலி.

இம்முறை கூட்டத்துக்கு முந்தின இரவு காலிப்பரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். "அம்மா, நாளைக்குச் சித்தி போகட்டுமே" என்றாள் மகள், என் முகத்தைப் பார்க்காமல். என் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு நடை பழகியவள் அவள். முழங்கால் பூட்டை டக்கென்று விடுவிப்பது அவளுக்குச் சின்ன வயதில் விளையாட்டு. என் காலைக் கண்டு அவள் ஒருநாளும் கூசியதில்லை. பன்னிரண்டு வயதில் அந்தப் பாடத்தை உங்கள் மாடிப்படி நடத்தி முடித்திருக்கிறது.

நான் லிஃப்ட் கேட்கவில்லை. கூட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் ஒன்றாம் வகுப்பு அறைகள் பூட்டித்தான் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றைத் திறந்து, ஏழாம் வகுப்புக் கூட்டத்தைக் கீழே நடத்துங்கள் என்றுதான் கேட்டேன். "ஒருவருக்காக மாற்ற முடியாது" என்று அலுவலகத்தில் பதில் வந்தது. 2024 ஏப்ரல் 19 அன்று இதே பள்ளியில்தான் வாக்களித்தேன். தரைத்தள அறை, வாசலில் சாய்தளம், பக்கத்தில் சக்கர நாற்காலி என்று எல்லாம் இருந்தன. வாக்காளராக வந்தால் கீழே, அம்மாவாக வந்தால் மாடியிலா?

மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 அன்று என்னை அழைத்துத் 'தன்னம்பிக்கை' பற்றிப் பேசச் சொன்னதையும் மறக்கவில்லை. மேடைக்கு ஐந்து படிகள் இருந்ததால் கீழேயே நிற்கவைத்துப் பொன்னாடை போர்த்தினீர்கள். நல்ல துணி. தலையணை உறையாகத் தைத்துவிட்டேன்.

உங்களை மட்டும் சொல்லி என்ன? பந்தி மாடியில் என்பதால் மொய் மட்டும் எழுதிவிட்டுத் திரும்பிய கல்யாணங்கள் எனக்கு நிறைய. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளத்தில் சாய்தளம் வேண்டும். நம் ஊரில் மூன்றடியில் சறுக்குமரம் கட்டி, அதன் அடியில் பைக்கையும் நிறுத்திவிடுகிறார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, தனியார் பள்ளியும் பொதுக் கட்டடம்தான். பழைய கட்டடங்களைச் சரிசெய்யக் கொடுத்த ஐந்தாண்டு அவகாசம் 2022இலேயே முடிந்துவிட்டது. சட்டம் பேசினால் "அந்த அம்மா வம்புக்காரி" என்று பெயர் வரும், அந்தப் பெயரைச் சுமப்பவள் என் மகள். அதனால்தான் இத்தனை மாதம் மனுவோடு நிறுத்திக்கொண்டேன்.

கோபத்தில் ஏதேனும் கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆசிரியைகள் என் மகளுக்கு நன்றாகவே சொல்லித்தருகிறார்கள். அதை அவர்கள் வாயால் கேட்கத்தான் வர நினைக்கிறேன். அடுத்த கூட்டம் அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு என்கிறாள். தயவுசெய்து அதைத் தரைத்தளத்தில் நடத்துங்கள். எந்த அறை என்று டைரியில் எழுதி அனுப்பினால் போதும். சிவப்பு மையாக இருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவியின் அம்மா