'செக்‌ஷன் 8 வேண்டாம்' விளம்பரங்களை இனி அச்சிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் பத்திரிகையின் வாடகை விளம்பரப் பக்கத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். கொஞ்ச காலமாக அந்தப் பக்கத்தை என்னைப் போல வரி விடாமல் படிப்பவர்கள் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். நியூ ஜெர்சியில் என் தங்கை குடும்பத்துக்கு வீடு தேடிக்கொண்டிருக்கிறோம், அதுவும் வாடகையில் ஒரு பங்கை அரசாங்கமே கட்டும் வாடகை வவுச்சரை, எல்லோரும் செக்‌ஷன் 8 என்று சொல்கிறார்களே அதைக் கையில் வைத்துக்கொண்டு. மூன்று பெட்ரூம், கோயில் பக்கம், நல்ல பள்ளிக்கூடம் என்று ஆசையாகப் படித்துக்கொண்டே வந்தால் கடைசி வரியில் 'ஐடி வேலையில் இருப்பவர்கள் மட்டும்', 'செக்‌ஷன் 8 வேண்டாம்' என்று போட்டிருக்கிறது. அந்தக் கடைசி வரியை இனிமேல் அச்சிட வேண்டாம் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

இது நியாயம் அநியாயம் என்ற பேச்சு மட்டும் இல்லை, சட்டமும்கூட. வாடகை கட்டும் பணம் வவுச்சரிலிருந்து வருகிறது என்பதற்காக ஒருவருக்கு வீடு மறுக்கக் கூடாது என்று நியூ ஜெர்சியின் பாகுபாடு தடுப்புச் சட்டம் சொல்லி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வீட்டுக்காரர் தானே குடியிருக்கும் இரண்டு குடித்தன வீட்டின் இன்னொரு பாதி மாதிரி சில விலக்குகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இங்கே விளம்பரம் கொடுப்பவர்களில் பலர் முதலீட்டுக்காக இரண்டாவது, மூன்றாவது வீடு வாங்கி வாடகைக்கு விடுபவர்கள். அவர்களுக்கு அந்த விலக்கு பொருந்தாது. அப்புறம், இப்படிப்பட்ட விளம்பரத்துக்கு அதைக் கொடுத்தவர் மட்டும் இல்லை, அச்சிடுபவரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். உங்கள் நல்லதுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வவுச்சர் என்றாலே நம் ஆட்களுக்கு ஒரு முகச்சுளிப்பு வருகிறது, 'சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள்' என்று. என் தங்கை ஒரு டேகேரில் வேலை பார்க்கிறாள். அவள் கணவருக்குப் பக்கவாதம் வந்து வேலைக்குப் போக முடியாமல் ஆகிவிட்டது. இரண்டு பிள்ளைகள். எங்கள் அம்மாவும் அவர்களோடுதான். எல்லோரும் குடியுரிமை பெற்றவர்கள், வருஷக்கணக்கில் வரி கட்டியவர்கள். விண்ணப்பம் போட்டுவிட்டு அது வருமா வராதா என்று தெரியாமல் வெகுகாலம் காத்திருந்து கிடைத்த வவுச்சர் இது. 1974-இல் தொடங்கிய திட்டம், இப்போது நாடு முழுக்க 23 லட்சம் குடும்பங்கள் வரை இதை நம்பி இருக்கின்றன, ஆனால் உதவி பெறத் தகுதியான குடும்பங்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குத்தான் ஏதாவது ஒரு மத்திய அரசு வாடகை உதவி கிடைக்கிறது. மற்ற மூன்று குடும்பங்களுக்கும் அது கிடைப்பதில்லை, பல ஊர்களில் காத்திருப்போர் வரிசையில் சேரக்கூட வழியில்லை, பட்டியலையே மூடி வைத்திருக்கிறார்கள்.

சரி, கிடைத்துவிட்டது, இனி என்ன கவலை என்று நாங்களும் நினைத்தோம். வீடு கிடைக்காவிட்டால் வவுச்சர் காலாவதியாகிவிடும் என்பது கையில் வாங்கும்போதுதான் முழுசாக உறைக்கிறது. விதிப்படி வீடு தேடக் குறைந்தது 60 நாள் தர வேண்டும், அதற்கு மேல் நீட்டிப்பது பெரும்பாலும் வவுச்சரை வழங்கி நடத்துகிற அந்தந்த ஊர் ஹவுசிங் அத்தாரிட்டியின் கையில். ஹெச்1பி வேலை விசாவில் இருந்து லேஆஃப் ஆனவர்களுக்கும் வேறு வழி தேட அதிகபட்சம் 60 நாள்தான், அது என்ன செய்யும் என்று நான் விளக்கத் தேவையில்லை, நம் வாட்ஸ்அப் குழுக்களில் அந்த எண்ணிக்கையைப் பார்த்தாலே எல்லோருக்கும் வயிறு கலங்கும். அதே கலக்கம்தான் இதுவும், ஆனால் இதற்கு யாரும் 'ரெஸ்யூம் அனுப்புங்கள்' என்று குழுவில் எழுதுவதில்லை. வீட்டில் உடல் ஊனமுற்றவர் இருந்து, அதனால் தேடுவது கடினமாகிறது என்றால் நியாயமான அளவு கூடுதல் நாள் கேட்டு வாங்க உரிமை இருக்கிறது. தங்கை கணவருக்குப் படி ஏற முடியாது, தரைத்தளம் வேண்டும், அதைக் காரணம் காட்டி எழுதிக் கொடுத்துத்தான் நாங்கள் நாள் வாங்கினோம். இந்த நிலையில் இருப்பவர்கள் கெடு முடிவதற்கு முன்னாலேயே, வாயால் சொல்லிவிட்டு வராமல், எழுத்தில் கேளுங்கள்.

வாடகைக் கணக்கும் பலர் நினைப்பது மாதிரி இல்லை. கழிவுகள் போக மிஞ்சும் மாத வருமானத்தில் சுமார் 30 சதவீதத்தைக் குடும்பம் கட்டுகிறது, மீதியை ஒரு வரம்பு வரைக்கும் ஹவுசிங் அத்தாரிட்டி கட்டுகிறது. அந்த வரம்பைத் தாண்டினால் அதிகப்படியும் குடும்பத்தின் தலையில்தான், அதிலும் புது வீட்டுக்குப் போகும்போது குடும்பத்தின் பங்கு 40 சதவீதத்தைத் தாண்டவே கூடாது. உதாரணத்துக்கு வருமானம் 2,000 டாலர் என்று வையுங்கள், பங்கு 600. வரம்பு 2,200, வீட்டு வாடகை 2,500 என்றால் மேலே 300 சேர்ந்து 900 ஆகிறது. 40 சதவீதம் என்பது 800, ஆகவே நானே கட்டிக்கொள்கிறேன் என்று குடும்பம் சொன்னாலும் அந்த வீடு கிடையாது. இதில் வாடகையோடு மின்சாரம், ஹீட்டிங் செலவையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். விளம்பரத்தில் சரியாகப் பொருந்துகிற வீடு, ஹீட்டிங் வாடகைதாரர் கட்டணம் என்று தெரிந்ததும் கைநழுவிப் போகும். அதனால் முதல் போனிலேயே வாடகைக்கு அடுத்தபடி ஹீட்டிங் யார் கட்டுவது என்று கேட்டுவிட வேண்டும், நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம்.

'உங்கள் சொந்தக்காரர் யார் வீட்டிலாவது வாடகைக்கு இருந்துவிடலாமே' என்று கேட்காதவர்கள் இல்லை. முடியாது. குடும்பத்தில் ஒருவருடைய பெற்றோர், பிள்ளை, தாத்தா பாட்டி, பேரன் பேத்தி, உடன்பிறந்தவர் சொந்தக்காரராக இருக்கும் வீட்டுக்கு வவுச்சர் செல்லாது. பிள்ளைகளின் தாய்மாமா வீடு என்றால் அவர் அம்மாவின் உடன்பிறந்தவர் ஆயிற்றே, அதுவும் போச்சு. உடல் ஊனமுற்றவருக்காக மட்டும் விலக்குக் கேட்கலாம், அதற்கும் ஹவுசிங் அத்தாரிட்டி சம்மதிக்க வேண்டும். எங்கள் உறவில் இங்கே வாடகைக்கு விட வீடு வைத்திருப்பவர் யாரும் இல்லை, அதனால் அந்தப் பேச்சே எழவில்லை.

இப்போது வீட்டுக்காரர்கள் பக்கம் வருகிறேன், அவர்கள் சொல்வதிலும் ஒன்று உண்மை. வாடகைக்கு ஒப்புதல் கேட்கும் படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும், இந்த வட்டாரத்து வாடகைக்கு இது நியாயமான தொகைதானா என்று பார்ப்பார்கள், அப்புறம் இன்ஸ்பெக்‌ஷன். புகை அலாரம் வேலை செய்கிறதா, சுடுதண்ணீர் வருகிறதா, மாடிப்படியில் கைப்பிடி இருக்கிறதா, 1978-க்கு முந்தின வீடாக இருந்து ஆறு வயசுக்குக் கீழே குழந்தை இருந்தால் பெயின்ட் உரிந்திருக்கிறதா என்று. அது முடிகிற வரைக்கும் வீடு காலியாகக் கிடக்கும், வீட்டுக் கடன் தவணை நிற்காது. இந்த எரிச்சல் எனக்குப் புரிகிறது, இதை ஹவுசிங் அத்தாரிட்டிகள் சரிசெய்யத்தான் வேண்டும். உயிருக்கு ஆபத்தில்லாத சின்னக் குறை என்றால் முதலில் குடிவைத்துவிட்டு 30 நாளில் சரிசெய்ய விடலாம் என்று விதியே இடம் தருகிறது, ஆனால் அதைப் பின்பற்றுவதா இல்லையா என்பதை ஒவ்வொரு அத்தாரிட்டியும் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்கிறது.

மற்ற காரணங்கள் எனக்கு ஏறவில்லை. 'வீட்டைப் பாழாக்கிவிடுவார்கள்' என்கிறார்கள். மற்றவர்களிடம் பார்ப்பது போல பழைய வீட்டுக்காரரிடம் விசாரிப்பதையோ, டெபாசிட் வாங்குவதையோ யாரும் தடுக்கவில்லையே. நியூ ஜெர்சியில் ஒன்றரை மாத வாடகை வரை டெபாசிட் வாங்கலாம், அது இவர்களுக்கும் பொருந்தும் (அந்தப் பணத்தைப் பெரும்பாலும் வவுச்சர் தராது, குடும்பம்தான் புரட்ட வேண்டும், அது ஒரு தனிக் கதை). 'மாதம் மாதம் பணம் வருமா' என்கிறார்கள். அரசாங்கப் பங்கு நேராக வீட்டுக்காரரின் கணக்குக்கு வருகிறது. குடியிருப்பவரின் வருமானம் குறைந்தால் அவர் பங்கு குறைந்து அரசாங்கப் பங்கு கூடும். பெரிய சம்பளம் வாங்கும் வாடகைதாரருக்கு நாளைக்கு வேலை போனால் அவர் வாடகையை யார் கட்டுவார்கள்?

ஒரு பெரிய அபார்ட்மென்ட்டில் வாடகையைப் போல மூன்று மடங்கு சம்பளம் இருந்தால்தான் தருவோம் என்றார்கள். அவ்வளவு சம்பளம் இருந்தால் வவுச்சர் எதற்கு? இந்த மாநிலத்தில் அந்தக் கணக்கைக் குடும்பம் கட்டுகிற பங்கை வைத்து மட்டும்தான் போட வேண்டும், மொத்த வாடகையை வைத்து இல்லை. இதைச் சொன்ன பிறகு போனை எடுக்கவில்லை. இன்னொரு வீட்டுக்காரர், நம் ஊர்க்காரர்தான், ரொம்ப அன்பாகப் பேசி அம்மாவின் உடல்நிலை எல்லாம் விசாரித்துவிட்டு, ஒப்பந்தத்தில் ஒரு தொகை போட்டுக்கொள்வோம், மாதம் இருநூறு டாலர் மட்டும் தனியாகக் கையில் கொடுத்துவிடுங்கள் என்றார். ஒப்பந்தத்துக்கு வெளியே ஒரு டாலர் வாங்குவதும் தப்பு, கொடுப்பதும் தப்பு, தெரிந்தால் குடும்பத்தின் வவுச்சரே போய்விடும். வேண்டாம் அண்ணா என்று வந்துவிட்டோம்.

சட்டம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. அர்பன் இன்ஸ்டிட்யூட் என்ற ஆய்வு நிறுவனம் 2018-இல் வெளியிட்ட ஆய்வில் ஐந்து இடங்களில் வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு வவுச்சர் ஏற்பீர்களா என்று கேட்டார்கள். டெக்சஸில் ஃபோர்ட் வொர்த்தில் 78 சதவீதம் பேர் மாட்டோம் என்றார்கள். வவுச்சரை மறுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிற நம் நெவார்க்கில் 31, வாஷிங்டனில் 15. ஆனால் சட்டம் இருந்தும் பிலடெல்பியாவில் 67. டெக்சஸிலோ 2015-லிருந்து, இப்படி ஒரு பாதுகாப்பைக் கொண்டுவர ஊர் நிர்வாகமே விரும்பினாலும் மாநிலச் சட்டம் விடாது. காகிதத்தில் சட்டம் இருந்தால் போதாது, யாராவது அதை எடுத்துச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குப் பத்திரிகையை விட வசதியான இடம் எது?

ஆகவே நான் கேட்பது இரண்டு. விளம்பரம் வாங்கும் மேசையில் இருப்பவரிடம், 'செக்‌ஷன் 8 வேண்டாம்', 'வவுச்சர் கிடையாது' என்று வந்தால் அந்த வரியை எடுத்துவிட்டுக் கொடுங்கள் என்று சொல்லச் சொல்லுங்கள். இரண்டாவது, விளம்பரப் பக்கத்தின் மேலே சின்ன எழுத்தில், மறுக்கப்பட்டவர்கள் நியூ ஜெர்சி சிவில் உரிமைப் பிரிவில் புகார் கொடுக்கலாம் என்றும், ஹவுசிங் வவுச்சருக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் எதுவும் கிடையாது, காசு கேட்பவர் ஏமாற்றுக்காரர் என்றும் போடுங்கள். கோயில் வாசலில் 'நான் வாங்கித் தருகிறேன்' என்று ஃபாரம் நீட்டுகிற ஆளை நானே பார்த்திருக்கிறேன்.

கூடவே, மிடில்செக்ஸ் கவுண்டியில் தரைத்தளத்தில் மூன்று பெட்ரூம், ஹீட்டிங் வாடகையில் சேர்ந்தது, யாரிடமாவது இருந்தால் உங்கள் அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதட்டும், எனக்கு அனுப்பிவிடுங்கள். எங்கள் கெடு இன்னும் முடியவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நியூ ஜெர்சி