கால்வாய்க் கரைக்குப் போகும் முன்

எடிசன், நியூ ஜெர்சி
மே முதல் வாரம்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய புகைப்படத்தைப் பலமுறை பெரிதாக்கிப் பார்த்தேன். மீன்பிடிக் கடையின் ஒரு சுவர் முழுவதும் தூண்டிலில் கட்டும் லூர்கள் தொங்குகின்றன, அதன் கீழே, கேப் காட் கால்வாயில் மீன் பிடிக்கப் போகும் நீ, "அப்பா, இதில் எதை வாங்குவது?" என்று ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறாய். தொலைபேசியில் நான் பதில் சொல்லத் தொடங்கியபோது உனக்கு அலுவலக அழைப்பு வந்துவிட்டது. அதுவும் நல்லதாயிற்று. எங்கள் நியூ ஜெர்சிக் கடற்கரைகளான சேண்டி ஹுக்கிலும் ஐலண்ட் பீச்சிலும் இருபது ஆண்டுகளாக ஸ்ட்ரைப்டு பாஸ் என்ற வரிகள் கொண்ட பெரிய மீனைப் பிடித்துக் கற்றதை மூன்று நிமிடத்தில் சொல்லியிருந்தால், நானும் உனக்கு ஒரு பட்டியலைத்தான் தந்திருப்பேன். பட்டியலோடு கடைக்குப் போகிறவர்கள் பெட்டி நிறைய வாங்கி வருகிறார்கள். பிறகு கரையில் நின்றுகொண்டு, எதை எடுப்பது என்று தெரியாமல் ஒன்றை மாற்றி ஒன்றைக் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். மீன் கரையோரம் வந்து போவதே சில சமயம் பத்து நிமிடம்தான். அந்தப் பத்து நிமிடமும் முடிச்சுப் போடுவதிலேயே போய்விடும்.

லூர் என்பது பொய் இரை. எந்த மெய்யான இரையின் வேடத்தை அது போட வேண்டும் என்று தெரியாதவரை, எதை வாங்கினாலும் அது குருட்டாம்போக்குதான். ஸ்ட்ரைப்டு பாஸ் வசந்த காலத்தில் செசபீக் விரிகுடாவிலும் ஹட்சன், டெலவர் ஆறுகளிலும் முட்டையிட்டுவிட்டு, இரைக் கூட்டங்களைத் தொடர்ந்தபடி வடக்கே மெயின் கரை வரை போகிறது. இலையுதிர் காலத்தில் அதே வழியில் தெற்கே திரும்புகிறது. ஏப்ரலில் ராரிட்டன் விரிகுடாவில் நான் பார்க்கும் மீன்கள் மென்ஹேடனைத் துரத்திக்கொண்டிருக்கும். அது மத்தியின் குடும்பத்தைச் சேர்ந்த, உடல் அகன்ற மீன். இங்கே பங்க்கர் என்கிறோம், உன் பக்கத்தில் போகி என்பார்கள். மே மாதக் கடைசியில் கேப் காட் பக்கம் வரும்போது மெக்கரலும், அதாவது நம் அயிலையின் உறவுக்கார மீனும், கணவாயும் அதற்கு இரையாகின்றன. மணற்கரைகளில் சேண்ட் ஈல் என்ற, பென்சில் போன்ற ஒல்லி மீன் கிடைக்கிறது. செப்டம்பரில் எங்கள் கரையை ஒட்டி மடவைக் கூட்டம் தெற்கே போகும். ஒரே ஸ்ட்ரைப்டு பாஸ், மாதத்துக்கு மாதம் வேறு வேறு உருவத்தைத் தேடுகிறது என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்.

இதை நான் கற்ற மாலையை உனக்குச் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். நீ எட்டாம் வகுப்பில் படித்த ஆண்டு, அக்டோபர் மாதம், ஐலண்ட் பீச்சில் நின்றிருந்தேன். என் இருபுறமும் நின்றவர்கள் மீனை இழுத்துக்கொண்டிருந்தார்கள். என் லூர் ஏழு அங்குல நீளமும் நல்ல கனமும் கொண்ட, மென்ஹேடனைப் போன்ற ஒன்று. முந்தைய வாரம் அதே இடத்தில் அதில் மூன்று மீன் கிடைத்திருந்ததால் அதை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு பக்கத்தில் நின்ற முதியவர் தான் பிடித்த மீனைக் கையில் வைத்துக்கொண்டு என்னை அழைத்து, அதன் வாயோரத்தில் ஒட்டியிருந்த, விரல் பருமன்கூட இல்லாத சேண்ட் ஈலைக் காட்டினார். தன் பெட்டியிலிருந்து மெல்லிய உலோக லூர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். இரண்டாவது எறிதலிலேயே எனக்கு மீன் பட்டது. அன்றிலிருந்து கரைக்குப் போனதும் நான் தூண்டிலை எடுப்பதில்லை. பறவைகள் எங்கே இறங்குகின்றன, அலை ஒதுக்கிய பாசியில் என்ன குஞ்சு மீன் கிடக்கிறது, தண்ணீருக்குள் மினுங்குவது அகலமா ஒல்லியா என்று பார்த்த பிறகே பெட்டியைத் திறக்கிறேன். இரையின் நீளம், உடல் பருமன், அது நீந்தும் ஆழம் ஆகிய மூன்றும் பொருந்திவிட்டால், நிறத்தைப் பற்றி நீ அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை.

முதலில் வாங்க வேண்டியது பக்டெயில் ஜிக். வெண்வால் மானின் வால் முடியை ஈயத் தலையில் கட்டிச் செய்தது. பளபளப்போ வரைந்த செதிலோ இல்லாததால் அந்தச் சுவரில் யாருடைய கண்ணும் அதன் மேல் நிற்காது. ஆனால் ஒரே ஒரு லூரோடு என்னைக் கரைக்கு அனுப்பினால் நான் அதைத்தான் எடுத்துப் போவேன். தண்ணீரில் அந்த முடி விரிந்து சுருங்கும். இழுக்காமல் நீரோட்டத்தில் விட்டாலும் உயிருள்ளது போல அசையும். மெல்ல இழுத்தால் கணவாய், துள்ளவிட்டால் குஞ்சு மீன், அடியில் உரசினால் இறால் என்று மீனுக்கு அது எதுவாகவும் தோன்றக்கூடும். கொக்கியில் ஒரு மென்மையான பிளாஸ்டிக் வாலைச் சேர்த்துக்கொண்டால் உடல் நீண்டு தெரிவதோடு, இறங்கும் வேகமும் சற்றுக் குறையும்.

அதை வெள்ளை நிறத்தில், வெவ்வேறு எடைகளில் வாங்கு. எடையை முடிவு செய்வது நீரோட்டமும் ஆழமும்தான். உன் தாத்தா நீவாடு என்று சொன்னதையே இங்கே கரண்ட் என்கிறார்கள். அதைப் பார்க்காமல் அவர் வலையை இறக்கியதில்லை. சேண்டி ஹுக்கின் அலைக்கரையில் முக்கால் முதல் ஒன்றரை அவுன்ஸ் எனக்குப் போதும். கேப் காட் கால்வாய் அப்படிப்பட்ட இடமில்லை. ஏறக்குறைய ஏழு மைல் நீளத்துக்கு நிலத்தை வெட்டி, இரண்டு விரிகுடாக்களை இணைத்திருக்கிறார்கள். அகலம் 480 அடி, ஆழம் 32 அடி. சுமார் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர் திசை மாறி, உச்ச நேரத்தில் மணிக்கு நான்கு ஐந்து மைல் வேகத்தில் ஆறு போல ஓடும். அங்கே ஒரு அவுன்ஸ் ஜிக்கை எறிந்தால் அது அடியைத் தொடாமலேயே உன்னைக் கடந்து போய்விடும். நீர் திரும்பும் நேரத்தில் இரண்டு அவுன்ஸில் தொடங்கி, ஓட்டம் வலுக்க வலுக்க மூன்று, நான்கு என்று ஏற்று. அடியைத் தொடக்கூடியவற்றில் மிகக் குறைந்த எடை எதுவோ அதுவே அந்த நேரத்துக்குச் சரியான எடை. அதற்கு மேல் போனால் பாறை இடுக்கில் சிக்கி, லூர் கடலோடு போய்விடும்.

எறிவதிலும் ஒரு முறை இருக்கிறது. ஓட்டத்துக்கு எதிர்த்திசையில், சற்று மேலே எறிந்து, தூண்டில் நரம்பு தளர்ந்துவிடாமல் ஜிக்கை இறங்க விடு. அடியைத் தொட்ட தட்டல் கையில் தெரிந்ததும் தூண்டில் கம்பின் நுனியை ஓரடி உயர்த்தி, மறுபடி இறங்க விடு. உனக்கு நேரே வந்து, கடந்து, ஓட்டத்தின் கீழ்ப்பக்கமாக நரம்பு இறுகும்போது ஜிக் தானாகவே மேலே எழும். தப்பித்து ஓடும் மீனைப் போல அது அப்போது தோன்றும். எனக்குக் கிடைத்த மீன்களில் பாதிக்கு மேல் அந்த இடத்தில்தான் பட்டன. ஆகவே அவசரப்பட்டுச் சுருட்டி எடுத்துவிடாதே.

கால்வாய்க்கென்றே வாங்க வேண்டிய இரண்டாவது பொருள், நீர்ப்பரப்பின் மேலேயே இழுத்து வரும் பென்சில் பாப்பர் என்ற லூர். சாகமோரில் வாழ்ந்த ஸ்டான் கிப்ஸ் இந்தக் கரையிலேயே மீன் பிடித்து, மரத்தில் கடைந்த லூர்களால் பெயர் பெற்றவர். பஸ்ஸர்ட்ஸ் பேயில் கால்வாயை ஒட்டி அவர் நினைவாக ஒரு சிலை நிற்கிறது. பென்சில் பாப்பரின் எடை வால் பக்கத்தில் இருப்பதால் வெகுதூரம் பறக்கும். கம்பின் அடியைத் தொடைகளுக்கு இடையே இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் கம்பை விடாமல் அசைத்தபடி மெதுவாகச் சுருட்டினால், அடிபட்ட மெக்கரலைப் போல அது நீர்ப்பரப்பில் தலையை இருபுறமும் வீசி வரும். விடியற்காலையில் மெக்கரல் கூட்டம் மேலே வரும்போது மூன்று அவுன்ஸ் அளவில், முதுகு பச்சையும் வயிறு வெள்ளையுமான ஒன்று உன்னிடம் இருந்தால் போதும். மீன் பாய்ந்து தண்ணீர் வெடிப்பதைக் கண்டதும் கம்பை வெட்டி இழுக்கத் தோன்றும், பொறுத்துக்கொள். மீனின் கனம் கையில் ஏறிய பிறகு இழு. இதை எனக்கு நானே பல விடியல்களில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இரவுக்கு, சிறு மீன் வடிவில், முன்பக்கம் உதடு போன்ற தகடு வைத்த மினோ வகை லூர் ஒன்று வேண்டும். ஐந்து முதல் ஏழு அங்குலம் போதுமானது. 1982 செப்டம்பரில், புயல் வீசிய ஓர் இரவில், அட்லாண்டிக் சிட்டியின் கல்தடுப்பின் மேல் நின்று ஆல் மெக்ரெனால்ட்ஸ் பிடித்த 78 பவுண்டு 8 அவுன்ஸ் மீன், 2011 வரை உலகச் சாதனையாக இருந்தது; அது ரெபல் என்ற மினோ லூரில் பட்ட மீன். உயிருள்ள விலாங்கைப் போட்டால்தான் பெரிய மீன் வரும் என்று உன்னிடம் யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள். இரவில் மெதுவாகச் சுருட்ட வேண்டும். மெதுவாக என்று நான் சொல்வது, நீ மெதுவென்று நினைப்பதிலும் பாதி வேகம். நிறத்தைப் பற்றி நான் சொல்லக்கூடியதும் இங்கேதான் வருகிறது. இரவில் மீன் கீழிருந்து வானத்தின் மங்கிய வெளிச்சத்தைப் பார்க்கிறது. கறுப்பு லூரின் உருவம் அதில் தெளிவாக விழும். பகலில் வெள்ளை, கலங்கிய நீரில் மஞ்சள், கணவாய் இருக்கும் நாட்களில் இளஞ்சிவப்பு. நான் இதற்கு மேல் போவதில்லை.

மெல்லிய உலோக லூர் ஒன்றையும் சேர்த்துக்கொள். காற்று எதிர்த்து வீசும்போது அதுதான் தூரம் போகும், புளூஃபிஷ் கூட்டம் வந்துவிட்டால் அதுதான் தப்பிக்கும். அந்த மீனின் பற்கள் பிளாஸ்டிக் வால்களை ஒரே கடியில் துண்டாக்கிவிடும்.

இனி, நான் மிகவும் முக்கியமாக நினைக்கும் விஷயம். கடையில் விற்கும் லூர்களில் பெரும்பாலானவை இரண்டு மூன்று மும்முனைக் கொக்கிகளோடு வருகின்றன. பல ஆண்டுகளுக்கு முன் நான் பிடித்த ஒரு மீனுக்கு முன் கொக்கி வாயில் பட்டிருந்தது; அது திமிறியபோது பின் கொக்கி செவுளுக்குள் ஏறிவிட்டது. அளவில் பெரிய மீன், விட்டுவிட வேண்டிய மீன். எவ்வளவோ நேரம் தண்ணீரில் பிடித்து ஆட்டிப் பார்த்தும் அது நீந்தவில்லை. இப்போது கடலோரத்தில் 28 அங்குலத்துக்கும் 31 அங்குலத்துக்கும் இடைப்பட்ட ஒரு மீனை மட்டுமே ஒருவர் ஒரு நாளில் எடுத்துக்கொள்ளலாம். போகும் முன் அந்த ஆண்டின் விதியை மாநில மீன்வளத் துறையின் பக்கத்தில் சரிபார்த்துக்கொள். அப்படியென்றால் நாம் பிடிப்பதில் பெரும்பகுதி திரும்பிப் போக வேண்டியவை. விடப்படும் மீன்களில் நூற்றுக்கு ஒன்பது இறந்துவிடுகின்றன என்பதே இந்த மீனை நிர்வகிக்கும் ஆணையத்தின் கணக்கு. நீர் சூடாக இருக்கும் மாதங்களில் அந்த ஆபத்து இன்னும் கூடும்.

1970களின் இறுதியில் இந்த மீன் ஏறக்குறைய அற்றுப்போகும் நிலைக்கு வந்தது. 1984-இல் தனிச் சட்டம் வந்தது. 1985 முதல் ஐந்து ஆண்டுகள் மேரிலாந்து அதைப் பிடிப்பதையே தடை செய்தது. அதன் பிறகுதான் மீண்டது. ஆட்டில்பரோவில் 'ஆட்டம்' (Atom, அதாவது அணு) என்ற பெயரில் லூர்கள் செய்து விற்ற பாப் பாண்ட், விற்பனையோடு நின்றுவிடாமல் இந்த மீனைக் காக்க ஓர் அமைப்பையே தொடங்கி உழைத்தார் என்பதை நான் மதிப்போடு நினைக்கிறேன். இப்போது மறுபடியும் செசபீக்கில் 2019 முதல் பல ஆண்டுகளாகக் குஞ்சுகளின் எண்ணிக்கை சராசரிக்கும் கீழே இருக்கிறது. எனவே நீ வாங்கும் ஒவ்வொரு லூரிலும் மும்முனைக் கொக்கியைக் கழற்றிவிட்டு ஒற்றைக் கொக்கியை மாட்டு. கொக்கியின் உள்பக்கம் எதிராக நீட்டிக்கொண்டிருக்கும் சிறு முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடு. கொக்கியின் எடை மாறினால் லூரின் நடையும் மாறும். அதனால் ஏறக்குறைய அதே எடையுள்ள கொக்கியைத் தேர்ந்து, குளியல் தொட்டியிலாவது ஒருமுறை இழுத்துப் பார். நரம்பை இறுக்கமாக வைத்திருந்தால் முள் இல்லாததால் மீன் தப்பிவிடாது.

இன்று காலை உனக்கு ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். அதில் வெள்ளை பக்டெயில் ஆறு, இரண்டு, மூன்று, நான்கு அவுன்ஸ்களில் இரண்டிரண்டு. பென்சில் பாப்பர் ஒன்று. கறுப்பு மினோ ஒன்று. உலோக லூர் ஒன்று. கொக்கிகளை எல்லாம் நானே மாற்றி, கழுவும் தொட்டியில் இழுத்துப் பார்த்துவிட்டேன். கடைச் சுவரில் இருந்து நீ வாங்க வேண்டியது நாற்பது பவுண்டு இழுவை தாங்கும் லீடர், அதாவது லூருக்கு முன்னால் கட்டும் தடித்த நரம்பு, ஒரு சுருளும், லூரை மாட்ட வலுவான கிளிப்புகளும் மட்டுமே. கரையின் கற்களில் பச்சைப் பாசி படிந்திருக்கும். ஆணி பதித்த காலணி இல்லாமல் இறங்காதே.

ஒரு முழு நாள் பக்டெயிலை மட்டும் எறிந்து பார். பட்டாலும் படாவிட்டாலும், எந்த எடை எந்த நேரத்தில் அடியைத் தொட்டது என்பதை ஒரு தாளில் குறித்து வை. ஜூன் இரண்டாம் வாரம் வெள்ளிக்கிழமை இரவு நான் வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறேன். சனிக்கிழமை விடியலில் நீர் எப்போது திரும்புகிறது என்று அலை அட்டவணையில் பார்த்துச் சொல். அளவுக்குள் ஒரு மீன் கிடைத்தால் கொண்டுவரச் சொல்லி அம்மா இப்போதே புளி கேட்டுக்கொண்டிருக்கிறாள். கொடுவாவின் சதையைப் போலவே இருக்கிறது என்பது அவளுடைய கருத்து.

அன்புடன்,
உன் அப்பா