டீச்சர் வீட்டை விற்கிறோம், அக்கா

அக்கா,

அம்மாவின் முதல் வருஷத் திதி அன்று, பந்தி முடிந்து எல்லோரும் கை கழுவிக்கொண்டிருந்தபோது நீங்கள் கேட்டீர்கள்: "டீச்சர் இருந்திருந்தா இந்த வீட்ட விக்க விடுவாங்களா பாப்பா?" சுற்றிலும் சொந்தக்காரர்கள். நான் வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். எல்லோர் முன்னாலும் கேட்ட கேள்வி என்பதால் எல்லோரும் படிக்கும்படியே பதில் எழுதுகிறேன்.

வீட்டை விற்கிறோம். முன்பணம் வாங்கியாயிற்று. தை பிறந்ததும் பத்திரப் பதிவு. காரணத்தில் பாதியை இங்கே எழுத முடியாது. அது தம்பி சம்பந்தப்பட்டது, அவன் பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள். மீதி உங்களுக்கே தெரியும். அப்பாவால் இனித் தனியாக இருக்க முடியாது, கோயம்புத்தூரில் என்னோடு இருக்கப் போகிறார். ஓட்டு வீடு, ஆள் இல்லாமல் இரண்டு மழைக்காலம் தாங்காது. அம்மா பெயரில் படிப்பகம் ஆக்கலாம் என்று அம்மாவோடு அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் இருந்த பழைய தோழர்கள் சொன்னார்கள். நல்ல எண்ணம்தான். தினமும் யார் திறந்து வைப்பது, கரண்ட் பில் யார் கட்டுவது என்று கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. உங்களிடம் மன்னிப்புக் கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத, நான் எதற்குக் கேட்க வேண்டும் என்றும் தோன்றுகிறது.

நினைவுக் கூட்டத்தில் பேசியவர்கள் எல்லோரும் நன்றாகத்தான் பேசினார்கள். 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியதையும், கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் ஊர் ஊராக வந்ததையும், அடுத்த வருஷமே முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று அறிவித்ததையும் சொன்னார்கள். பைசா சம்பளம் வாங்காமல் பாடம் சொல்லிக்கொடுத்த தொண்டர்களில் அம்மாவும் ஒருத்தி என்றார்கள். போலியோ சொட்டு மருந்து முகாம்களைச் சொன்னார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்துப் போட்டபோது, முழங்கால் வலியோடு ஆலங்குடிப் பக்கம் போய்ச் சமையல் வேலையில் நின்றதைச் சொன்னார்கள். எல்லாம் உண்மை. கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. கண்மாயில் நீங்கள் அம்மாவுக்குச் சைக்கிள் பழக்கிய சாயங்காலம்.

கோடை. கண்மாய் வற்றி வெடித்துக் கிடந்தது. அம்மாவின் வகுப்பில் படித்த கல் குவாரிப் பெண்களில் நீங்கள்தான் முதலில் பழகியிருந்தீர்கள். அறிவொளியில் படிப்போடு சைக்கிளையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்த காலம் அது. வகுப்புக்குப் போகும் பெண் பஸ்ஸுக்கும் அண்ணனுக்கும் காத்திருந்தால் காரியம் ஆகுமா? லேடீஸ் சைக்கிள் கடையில் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் வேண்டாம் என்று நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறது: பார் வைத்த சைக்கிள் என்றால் முன்னால் பிள்ளையை உட்கார வைக்கலாம், பின்னால் குடத்தைக் கட்டலாம். பத்தாவது வரை படித்த அம்மாவுக்கு ஏறவே தெரியாது. வகுப்புக்கு மூன்று கிலோமீட்டர் நடை, திரும்பும்போது இருட்டிவிடும்.

அப்பாவின் சைக்கிளைத்தான் கொண்டுவந்தோம். அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றாள். நான் ஒன்பது வயதில் அவள் கணுக்காலுக்கு மேல் அன்றுதான் பார்த்தேன் என்று நினைக்கிறேன். நீங்கள் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடினீர்கள். ஓட்டத் தெரிந்துவிட்டது, இறங்கத்தான் தெரியவில்லை. "ஏய், நிறுத்துடி, நிறுத்துடி" என்று கத்திக்கொண்டு கண்மாய்க்குள் சுற்றிச் சுற்றி வந்தாள். நீங்கள் கூடவே ஓடிக்கொண்டு சொன்னீர்கள்: "தப்பாப் போனா திருப்பிக்கலாம் டீச்சர், கால மட்டும் எடுக்காதீங்க!"

அது அம்மாவின் வசனம். வகுப்பில் உங்களுக்கு அவள் சொல்வாளே, தப்பா வந்தா அழிச்சிட்டு எழுதலாம், கைய மட்டும் எடுக்காத என்று. அதைக் கேட்டதும் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த சிரிப்பில் ஹேண்டில் திரும்பி, கருவேல முள்ளுக்குள் போய் விழுந்தாள். நீங்கள் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து முள் எடுத்துக்கொண்டே சிரித்தீர்கள். கரையில் நின்ற என்னை இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா அப்படிச் சிரித்து எங்கள் வீட்டுக்குள் நான் கேட்டதில்லை, அக்கா. அப்பா இதைப் படித்தால் வருத்தப்படுவார். ஆனாலும் இருக்கட்டும்.

சுத்தியல் பிடித்துப் பழகிய கை உங்களுக்கு. அதே அழுத்தத்தோடு பலப்பத்தைப் பிடிப்பீர்கள், ஒடிந்து தெறிக்கும். அம்மா ஒடிந்த துண்டுகளைப் பொறுக்கி வைத்து, குட்டையான துண்டைத்தான் உங்களுக்குத் தருவாள். குட்டையாக இருந்தால் ஒடியாது. உங்கள் விரலைத் தன் விரலால் மூடிக்கொண்டு "பட்டா" என்று எழுத வைப்பாள். எத்தனை முறை கோணலாக வந்தாலும் முகம் மாறாது. அதே அம்மா, நான் லகரத்துக்கு ளகரம் போட்டால் அடிஸ்கேலைத் திருப்பி விரல் மொளியில் அடிப்பாள். உங்களுக்குக் கொடுத்த பொறுமையில் கொஞ்சம் எனக்கு மிச்சம் வைத்திருக்கலாம். இதை அவளிடம் கேட்க வேண்டும் என்று நாற்பது வயது வரை வைத்திருந்தேன். அவள் கடைசியாகப் படுத்திருந்தபோது கேட்கிற நிலைமை இல்லை. இப்போது உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், நியாயம் இல்லைதான்.

ஆனால் ஒன்று. ராத்திரி எட்டரைக்கு அவள் வரும்வரை எங்களுக்குச் சோறு போட்டது அப்பா. ரசமும் அப்பளமும். தாலுகா ஆபீஸிலிருந்து வந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு அடுப்படிக்குப் போவார். தெருவில் என்னென்ன சொன்னார்கள் என்று உங்களுக்குத் தெரியும். நினைவுக் கூட்டத்தில் ஆறு பேர் பேசினார்கள், அந்த ரசத்தை ஒருத்தரும் சொல்லவில்லை. குவாரிகளைப் பெண்கள் குழுவுக்கே குத்தகைக்குக் கொடுத்தபோது, உங்கள் குழுவின் கணக்கு நோட்டு எங்கள் வீட்டு அலமாரியில்தான் இருந்தது. அதைக் கேட்டு ஒரு ராத்திரி வாசலில் வந்து நின்றவர்கள் யார் என்று இங்கே எழுத மாட்டேன். ஊர் சின்னது. டார்ச் லைட்டோடு போய் நிலைப்படியில் நின்றது அப்பா. அன்று உங்களை உள் அறையில் எங்களோடு படுக்க வைத்தாள் அம்மா. நீங்கள் தூங்கவே இல்லை, என் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தீர்கள். சாமி சத்தியமாக, அந்தக் கைச் சூடு இன்னும் தெரிகிறது.

அதனால்தான் உங்கள் கேள்வி அவ்வளவு சுட்டது. வேறு யார் கேட்டிருந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அந்த வீட்டில் உங்களுக்குப் பங்கு இல்லை என்று நான் நினைத்ததாக உங்களுக்குப் பட்டிருந்தால், அது அப்படி இல்லை. பத்திரத்தில் எழுத முடியாத பங்கு உங்களுக்கு உண்டு. ஆனால் அம்மா விட மாட்டாள் என்று நீங்கள் எப்படிச் சொல்கிறீர்கள்? கஜா நிவாரணத்துக்குத் தன் வளையலை அடகு வைத்தவள் அவள். எதையும் பிடித்து வைத்துக்கொள்ளத் தெரியாதவள். அந்தக் குத்தகை உங்கள் கையை விட்டுப் போனபோதுகூட, நீங்கள் எல்லோரும் அழுதீர்கள், அவள் அடுத்த வாரமே தெருக்குழாய்க்கு மனு எழுதச் சொல்லி உங்களை உட்கார வைத்தாள். விற்கட்டும் என்றுதான் சொல்லியிருப்பாள் என்று நான் நம்புகிறேன். நம்பாவிட்டால் கையெழுத்துப் போட என்னால் முடியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கரும்பலகை, அரிக்கேன் விளக்கு, நீங்கள் எழுதிய தெருக்குழாய் மனுவின் நகல், எல்லாம் டிரங்குப் பெட்டியில் எடுத்து வைத்திருக்கிறேன். உங்களுக்குத்தான். சைக்கிளும் உங்களுக்குத்தான், டயர் போய்விட்டது, ஃபிரேம் நன்றாக இருக்கிறது. வருகைப் பதிவேட்டை மட்டும் தர மாட்டேன். முதல் பக்கங்களில் உங்கள் கைநாட்டும் பிறகு உங்கள் கையெழுத்தும் இருக்கிறது, கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் ஒவ்வொரு நாளும் தேதி போட்டிருப்பது அம்மாவின் எழுத்து. அவள் எங்களோடு இல்லாத சாயங்காலங்கள் அத்தனையும் அதில் இருக்கின்றன. அது எனக்கு வேண்டும்.

மார்கழி கடைசி வாரம் முழுக்க அங்கேதான் இருப்பேன். மத்தியானம் அப்பா தூங்குவார், நாலு மணிக்கு மேல் வாருங்கள். பெட்டி கனம், பேரனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.