கேடயத்துக்குப் பதிலாக ஒரு மைக் வாங்கித் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் பாடசாலையில் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கும் ஆசிரியை. இப்போது முதுகலைமாணிப் படிப்புக்காகக் கதைக் குறும்படம் எடுக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் குறும்படப் போட்டி, பயிற்சிப் பட்டறை நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கவே இதை எழுதுகிறேன். எங்கள் பிள்ளைகளுக்கு ஒலிப்பதிவைப் படிப்பியுங்கள். அதற்கான கருவியை இரவல் கொடுக்கவும் ஓர் ஏற்பாடு செய்யுங்கள்.

கமெரா இன்று ஒரு பிரச்சினையே இல்லை. கையிலிருக்கும் போனே நல்ல படம் எடுக்கும். எடிட்டிங்கையும் பிள்ளைகள் யூடியூப் பார்த்துத் தாங்களாகவே பழகிவிடுகிறார்கள். ஆனால் மாணவர் படங்களைப் போட்டுப் பார்த்தால் பேசுவதில் பாதி விளங்குவதில்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் கடற்கரையில் எடுத்த காட்சி என்றால் இரைச்சலைத் தவிர வேறொன்றும் கேட்காது. அதை மூடுவதற்காகப் படம் முழுவதும் இசையைக் கொட்டிவிடுகிறார்கள். “மியூசிக் போட்டாச் சரி டீச்சர்” என்று என்னுடைய மாணவன் ஒருவன் சொன்னான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், வேறு வழியை அவனுக்கு யாரும் காட்டவில்லை.

நாங்கள் எடுத்தது மருதமுனையில் ஒரு கைத்தறி வீட்டில் நடக்கும் 12 நிமிடக் கதை. தாய் தறியில் இருக்கிறார். வெளிநாட்டிலிருக்கும் மகனிடமிருந்து போனில் குரல்செய்தி வருகிறது. தறி நிற்கிறது. படத்தின் உயிரே அந்த இடத்தில்தான். தறியில் குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா ஓடுகிற சத்தத்துக்குக் காது பழகிப்போன நேரத்தில் அது சட்டென்று அறுந்தால், அந்தத் தாய் வாயே திறக்கத் தேவையில்லை.

முதலில் போனில் எடுத்ததைக் கேட்டபோது அந்த அமைதி அங்கே இல்லை. போன் ஒலி அளவைத் தானாகவே கூட்டிக் குறைக்கும். தறி ஓடும்வரை குறைத்து வைத்திருக்கும், தறி நின்றதும் அளவை ஏற்றிவிடும். உடனே மின்விசிறி, பெருந்தெருவில் போகும் பஸ், கூரைத் தகரத்தில் அடிக்கும் காற்று எல்லாம் பொங்கி மேலே வந்துவிடும். எங்கே அமைதி வேண்டுமோ அங்கேதான் சத்தம் கூடியிருந்தது.

கல்யாண வீடியோ எடுக்கும் தம்பி ஒருவர் ஒரு ரெக்கோர்டரும், நீளக் கம்பில் பூட்டுகிற மைக்கும், ஹெட்போனும் தந்து உதவினார். அவற்றோடு திரும்பப் போனோம். “டீச்சர், ஃபேன நிப்பாட்டட்டா?” என்று தறிக்கார ராத்தா தானாகவே கேட்டார். குளிர்சாதனப் பெட்டியையும் நிறுத்தி, மோட்டார்சைக்கிள் சாவியை அதற்குள் வைத்தோம். புறப்படும்போது சாவியை எடுக்கப் போனால் பெட்டியைத் திரும்பப் போடும் ஞாபகம் வரும். ஒலிப்பதிவுக்காரர்கள் வழக்கமாகச் செய்கிற வேலை இது. பாண் விற்கும் ஓட்டோ பீத்தோவனின் மெட்டைப் போட்டுக்கொண்டு ஒழுங்கையால் வந்தது. அது போய் முடியும்வரை காத்திருந்தோம். வசனத்துக்குப் பின்னால் ஒரு மெட்டு விழுந்துவிட்டால், வெட்டுகிற ஒவ்வோர் இடத்திலும் மெட்டு துள்ளுவது அப்படியே காட்டிக்கொடுத்துவிடும். கடைசியாக எல்லோரும் அசையாமல் நின்று, அந்த அறையின் வெறும் ஒலியை ஒரு நிமிடம் பதிந்தோம். வசனங்களுக்கு இடையில் அதை இட்டு நிரப்பாவிட்டால் ஓட்டை விழுந்ததுபோல் கேட்கும்.

மைக் எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி அளவு 6 டெசிபல் குறையும். எவ்வளவு விலையான கமெராவாக இருந்தாலும், அதில் பூட்டிய மைக் பேசுகிறவரிடமிருந்து எட்டடி தள்ளித்தான் நிற்கும். கம்பில் பூட்டிய மைக் அவருடைய தலைக்கு மேலேயே வந்துவிடும். நாடகக்காரியான எனக்கு இதில் இன்னொன்றும் விளங்கியது. எங்கள் படத்தில் தகப்பனாக நடித்தவர் வடமோடிக் கூத்தில் ஊறியவர், களரியின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி குரல் எடுத்துப் பழகியவர். மைக் பக்கத்தில் வந்ததும் அவர் வீட்டில் பேசுவதுபோலப் பேசினார். அந்தக் குரலை அவருடைய பிள்ளைகள் மட்டுமே கேட்டிருப்பார்கள்.

டப்பிங் செய்யலாமே என்பார்கள். தமிழ்ப் படங்களில் டப்பிங் வேரூன்றியதற்கு அன்றைய கமெராக்கள் போட்ட சத்தமும் ஒரு காரணம். இன்றைய கமெராவுக்குச் சத்தமே இல்லை. மூடிய அறைக்குள் வைத்துத் திரும்பப் பேசச் சொன்னால் எங்கள் ஆட்கள் வானொலிச் செய்தி வாசிப்பதுபோல் ஆகிவிடுகிறார்கள். மட்டக்களப்புப் பேச்சின் இழுவையும் இடைநிறுத்தமும் போய்விடுகின்றன. எனக்கு அது பெரிய இழப்பு.

பிரதேச செயலகங்களின் கலாசாரப் பிரிவுகளும் போட்டி நடத்தும் அமைப்புகளும் கேடயத்துக்கும் பொன்னாடைக்கும் செலவழிக்கும் பணத்தில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கலாம். ஒரு ரெக்கோர்டர், ஒரு மைக், கம்பு, காற்றுத் தடுக்கும் மயிருறை, ஹெட்போன். இவ்வளவும் ஒரு பெட்டிக்குள் அடங்கும். நூலகப் புத்தகம்போலக் கையெழுத்து வைத்து மாணவர்கள் எடுத்துப் போய்த் திருப்பித் தரட்டும். போட்டிகளில் ஒலிக்கென்று தனிப் புள்ளி இருக்கட்டும். பட்டறைகளில் ஒரு முழுநாளை ஒலிக்கு ஒதுக்குங்கள். அந்த நாளில் படிப்பிக்கச் சம்பளம் இல்லாமல் வர நான் தயார்.

அடுத்த ஆண்டுக்கான விழாச் செலவுகளைத் திட்டமிடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுமாறு சம்பந்தப்பட்டவர்களை உங்கள் பத்திரிகை மூலம் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
நாடக ஆசிரியை,
கல்லடி, மட்டக்களப்பு.